குழந்தை தவழாவிட்டால் மூளையின் இரண்டு பாதியும் இணையாதா?

தூக்கங்கெட்டவன்:

பையனுக்கு எட்டரை மாதம் ஆகிறது. தவழவே மாட்டேன் என்கிறான். உட்கார்ந்த வாக்கில் ஒரு காலை மடக்கிக்கொண்டு, இன்னொரு காலால் தள்ளித் தள்ளி, வீடு முழுக்கத் தேய்த்துக்கொண்டே சுற்றுகிறான். அதிலும் படு வேகம், நான் எழுந்து போவதற்குள் அவன் கதவிடுக்கில் விரலை வைத்திருப்பான். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வரும் வரை.

வீடியோவில் ஒருவர் சொல்கிறார்: குழந்தை பிறக்கும்போது இடது மூளையும் வலது மூளையும் தனித்தனியாகத்தான் இருக்குமாம், வலது கை இடது கால், இடது கை வலது கால் என்று மாற்றி மாற்றித் தவழும்போதுதான் நடுவில் பாலம் போடப்படுமாம், தவழாமல் நேராக நடந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பாலம் அரைகுறையாக நின்றுவிடுமாம், அப்புறம் படிப்பு ஏறாது, எழுத்து தலைகீழாக வரும், இத்யாதி. கடைசியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேரச் சொல்லி விளம்பரம். அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது உண்மைதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அந்தச் சந்தேகம் கைகொடுப்பதில்லை.

மனைவி சும்மா விடச் சொல்கிறாள். அண்ணியோ தினமும் இரண்டு வேளை அவனைக் குப்புறப் போட்டு, கையையும் காலையும் பிடித்து மாற்றி மாற்றி ஆட்டிவிடச் சொல்கிறார். ஆட்டினால் ஊரைக் கூட்டுகிறான்.

நான் கேட்க வந்தது இதுதான். இரண்டு பாதியையும் இணைக்கும் நரம்புகள் உண்மையில் எப்போது உருவாகின்றன, வயிற்றிலா, பிறந்த பிறகா? அதைவிடப் பெரிய குழப்பம், இடது பக்கம் இருக்கும் ஒரு செல்லுக்கு வலது பக்கத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், உயிரியல் எல்லாம் பத்தாவதோடு சரி, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எட்டுக்கால்பூச்சி:

இதற்கெல்லாமா பயப்படுவது? சிலர் இடது மூளைக்காரர்கள், அவர்களுக்குக் கணக்கு வரும். சிலர் வலது மூளைக்காரர்கள், படம் வரைவார்கள். உங்கள் பையன் ஏதோ ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகிறான். என் மச்சான் தவழவே இல்லை, இப்போது நன்றாகப் படம் வரைகிறான்.

நுண்ணோக்கி:

எட்டுக்கால்பூச்சி, உங்கள் மச்சான் படம் வரையட்டும், சந்தோஷம். ஆனால் இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று மனிதர்களில் இரண்டு சாதி கிடையாது. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கும், அது போலச் சில வேலைகள் ஒரு பக்கம் சாயும், அது வேறு. ஆளே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறாரா என்று யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் ஸ்கேன்களை வைத்துத் தேடி 2013ல் வெளியிட்டார்கள், அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது கேள்வி கேட்டவருக்கு. நான் சில வருடம் ஒரு ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையைச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறேன், சரியாக இந்தப் பாலத்தைத்தான். அதனால் பதில் நீளும்.

முதலில் தூங்கப் போவதற்குத் தேவையானது: பாலம் பிறப்பதற்கு வெகு முன்பே போடப்பட்டுவிடுகிறது. கார்பஸ் கலோசம் என்று பெயர், வளர்ந்த மனிதரில் சுமார் 20 கோடி நரம்பிழைகள், அதாவது ஆக்ஸான்கள், அதன் வழியாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகின்றன. முதல் இழைகள் நடுக்கோட்டைக் கடப்பது கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள். 20 வாரம் வாக்கில் அதன் முழு வடிவமும் வந்துவிடும், ஐந்தாம் மாத ஸ்கேனில் அதைத் தேடிப் பார்ப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் உங்கள் பையனுக்குத் தவழத் தரையே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகளிலேயே 4.3 சதவீதம் பேர் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழும் கட்டத்துக்கு வரவே இல்லை. அவர்களும் நடந்தார்கள்.

சரி, எப்படிக் கடக்கிறது என்பதற்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஆரம்பத்தில் மூளை என்பது ஒற்றைக் குழாய். ஐந்தாவது வாரம் வாக்கில் அதன் முன்முனை இரண்டு பக்கமும் பலூன் போல உப்புகிறது. அவைதான் இரண்டு அரைக்கோளங்கள். ஆக, இரண்டாக இருந்தது ஒன்றாக இணைகிறது என்பதே முழு உண்மை இல்லை, முதலில் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டும். அப்படிப் பிரிந்ததும் நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் மூளை உறையும் ரத்தக்குழாய்களும் இறங்கி நிற்கின்றன. அடியில் மட்டும் ஒரு மெல்லிய சுவர் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், நானும் பல நாள் தாண்டியிருக்கிறேன். ஆக்ஸானால் வெற்றிடத்தில் பாய முடியாது. அது ஊர்ந்து போகிற ஜந்து, காலூன்ற ஏதாவது வேண்டும். ஆகவே நரம்பு கடப்பதற்கு முன்னால் பிளவையே தைத்து மூடியாக வேண்டும். அதைச் செய்வது நரம்பணுக்கள் இல்லை, அவற்றுக்குத் துணை வேலை செய்யும் கிளையா செல்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தச் செல்கள் பிளவின் அடியில் நடுக்கோட்டுக்கு வந்து, நட்சத்திர வடிவ அஸ்ட்ரோசைட்டுகளாக மாறி, விரலோடு விரல் கோத்தது போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் இருக்கும் உறையை அரித்து விலக்கிக்கொண்டே மேலே வருகின்றன. இழுத்து மூடும் ஜிப் மாதிரி. ஆய்வுக்கூடங்களில் இவற்றுக்குப் பெயரே ஜிப்பர் கிளையாதான். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லிண்டா ரிச்சர்ட்ஸ் குழுவினர் 2016ல் இதை விரிவாகக் காட்டினார்கள்: இந்தத் தையல் நடக்காத எலிகளில் பாலமும் வருவதில்லை.

இதற்குப் பல வருடம் முன்பே, 1983ல், ஜெர்ரி சில்வர் என்பவர் சக ஆய்வாளரோடு ஒரு சோதனை செய்தார், எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கும். பாலம் உருவாகாத எலிக்குஞ்சுகளின் மூளையில், இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு துளி செல்லுலோஸ் சவ்வை வைத்தார்கள். அதன்மேல் கிளையா செல்கள் வந்து படிந்தன. படிந்ததும், வழி தெரியாமல் நின்றிருந்த ஆக்ஸான்கள் அதன்மேல் ஏறிக் கடந்துவிட்டன. அவற்றுக்குப் போகத் தெரியும், நடக்க இடம்தான் இல்லாமல் இருந்தது.

அடுத்து முன்னோடிகள். சிங்குலேட் என்ற, நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இருக்கும் நரம்பணுக்கள் முதலில் இழை விடுகின்றன. பக்கத்து வீடு என்பதால் அவற்றுக்குத் தூரம் குறைவு. பின்னால் தூரத்திலிருந்து வருகிற கோடிக்கணக்கான இழைகளில் பல, இந்த முன்னோடிகளைப் பிடித்துக்கொண்டே கடக்கின்றன.

ஒவ்வொரு ஆக்ஸானின் நுனியிலும் வளர்முனை என்று ஒன்று இருக்கும். 1890ல் ரமோன் இ கஹால் கோழிக்கருவில் பார்த்து வர்ணித்தது. விரித்த உள்ளங்கை மாதிரி, விரல்கள் நீண்டு நீண்டு தடவிப் பார்க்கும், பிடித்தால் அந்தப் பக்கம் நகரும், பிடிக்காவிட்டால் அந்த விரலை மடக்கிக்கொள்ளும். உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. யாரும் முகவரி எழுதிக் கொடுப்பதில்லை. வழி நெடுக "இங்கே வா", "அங்கே போகாதே" என்று சொல்லும் புரதங்கள் கசிந்துகொண்டிருக்கின்றன, வளர்முனை மோப்பம் பிடித்துக்கொண்டே போகிறது. ஸ்லிட் என்று ஒரு புரதம், விரட்டும் ரகம். நடுக்கோட்டுக்குக் கீழே ஒரு கிளையா கூட்டம், மேலே ஒரு கூட்டம், இரண்டும் ஸ்லிட்டைக் கக்குகின்றன. நடுவில் விரட்டல் இல்லாத ஒரு சந்து, அதற்குள் நுழைவதைத் தவிர இழைக்கு வேறு வழி இல்லை. நெட்ரின் என்று இன்னொன்று, அதை உணர்வதற்கு வளர்முனையில் டிசிசி என்ற ஏற்பி. நடுக்கோட்டை நெருங்கும்போது நெட்ரினின் தயவால் ஸ்லிட்டின் விரட்டல் அவ்வளவாக உறைக்காது, கடந்த பிறகோ நன்றாக உறைக்க ஆரம்பிக்கும். அதனால் ஒரு முறை கடந்தது திரும்பி வராது. இப்படி வளர்முனையின் ருசியே நடுவழியில் மாறிப்போகிறது, எவ்வளவு யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

எந்தச் செல் கடக்கும், எது கடக்காது என்பது அதற்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. சாட்பி-2 என்ற மரபணு விழித்திருந்தால் அந்தச் செல்லின் இழை அந்தப் பக்கம் போகும். எலிகளில் அந்த மரபணுவை எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் போயிருக்க வேண்டிய இழைகள் மூளையின் அடிப்பகுதிகளை நோக்கிக் கீழே இறங்கிவிடுகின்றன.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கொழுப்பில் கரையும் சிவப்புச் சாயம் ஒன்று உண்டு. பதப்படுத்திய மூளையில் அதன் பொடிப் படிகம் ஒன்றைக் குத்தி வைத்து, இருட்டில் வாரக்கணக்கில் விட்டுவிட வேண்டும், சாயம் செல் சவ்வு வழியே ஊர்ந்து ஆக்ஸானின் நுனி வரை போய்விடும். பிறகு சீவி, பச்சை வெளிச்சத்தில் பார்த்தால் இருட்டில் சிவப்பு ஜரிகை மாதிரி இழைகள். சாதாரண எலியில் அந்த ஜரிகை நடுக்கோட்டில் ஒரு வளைவு எடுத்து அந்தப் பக்கம் போகும். பிடிபிஆர் என்ற எலி வகைக்குப் பிறவியிலேயே பாலம் கிடையாது. அதன் மூளையில் ஜரிகை நடுக்கோடு வரை சரியாக வந்து, விளிம்பில் நின்று, போக இடம் இல்லாமல் சுருண்டு, பிறகு முன்னும் பின்னுமாகத் திரும்பி ஒரு கட்டாக ஓடும். ப்ராப்ஸ்ட் கட்டு என்பார்கள். மனிதரிலும் அப்படியேதான், பாலம் வராத மூளைகளில் அதே இடத்தில் அதே கட்டு. முதல் தடவை அதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

வழிப்போக்கன்:

அருமை. ஆனால் ஒரு இடிக்கிற விஷயம். வலிப்பு நோய்க்காக இந்தப் பாலத்தை வெட்டியவர்களை வைத்து ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசானிகாவும் செய்த சோதனைகளைப் படித்திருக்கிறேன், ஸ்பெர்ரிக்கு 1981ல் நோபல் பரிசும் கிடைத்தது. இடப்பக்கம் காட்டுவது வலது மூளைக்குப் போகும், பேச்சோ இடது மூளையில், அதனால் இடப்பக்கம் ஒரு சொல்லைக் காட்டினால் அவர்களால் அதை வாயால் சொல்ல முடியாது, ஆனால் இடது கை அந்தப் பொருளைச் சரியாக எடுத்துவிடும். பிறவியிலேயே பாலம் இல்லாதவர்களும் அப்படித்தான் இருப்பார்களா? ஒரே உடம்பில் இரண்டு ஆள்?

கொடிமல்லி:

வழிப்போக்கன், நான் பதில் சொல்லலாமா? நான் விஞ்ஞானி இல்லை, என் மகளுக்கு அந்தப் பாலத்தில் பாதிதான் இருக்கிறது. முன்பாதி உண்டு, பின்பாதி இல்லை. அவளுக்கு இப்போது பத்து வயது, உடம்பில் ஒரே ஆள்தான் இருக்கிறாள், அந்த ஒரு ஆளைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

21வது வாரம் ஸ்கேன். படம் பார்த்தவர் கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார், பேசவில்லை. பிறகு "நடுவில் ஒன்று தெரியவில்லை, பெரிய டாக்டரைப் பாருங்கள்" என்று பாதி வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு "மூளையில் ஒன்று இல்லை" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அந்த இரண்டு நாளை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். அப்புறம் வயிற்றிலிருக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்து, உட்கார வைத்துப் பேசிய ஒரு டாக்டர் கிடைத்தார். சுமார் 4000 பிறப்புகளுக்கு ஒன்று என்றார், மூளையிலோ உடம்பிலோ வேறு கோளாறு எதுவும் இல்லாமல் இது மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகளின் அறிவுத்திறன் இயல்பான வரம்பில்தான் இருக்கும் என்றார், கூடவே இன்னொன்று சேர்ந்திருந்தால் கதை வேறு என்பதையும் மறைக்கவில்லை. காரணம் என்ன என்று துருவித் துருவிக் கேட்டேன், என்மேல் தப்பா என்று தெரிய வேண்டியிருந்தது. மரபணு மாற்றங்கள் நிறைய இருக்கின்றன, கர்ப்பத்தில் மது, சில தொற்றுகள், இப்படிப் பட்டியல் நீளம், உங்கள் விஷயத்தில் நீங்கள் செய்த எதனாலும் இல்லை என்றார். அந்த ஒரு வரிக்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

எப்படி இருக்கிறாள் என்றால், இரண்டு கையும் சேர்ந்து வேறு வேறு வேலை செய்ய வேண்டிய இடத்தில் திணறுவாள். சட்டைப் பொத்தான், ஷூ நாடா, கத்தரிக்கோல். சைக்கிள் ஒன்பது வயதில்தான் வந்தது, வந்த அன்று தெருவையே ஏழு சுற்று சுற்றினாள். பேச்சு சரளம், நினைவாற்றல் நன்றாக இருக்கிறது, ஆனால் பேச்சில் உள்ளர்த்தம் இருந்தால் பிடிபடாது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் "எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது" என்றதும், இவள் அண்ணாந்து அவர் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் சிரித்தோம், பிறகு நான் அடுக்களையில் போய் அழுதேன். இப்போது அப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறாள், "வாயை மூடு என்றால் கதவு மாதிரி மூடுவது இல்லை" என்று அவளே குறிப்பு எழுதியிருக்கிறாள்.

அபார நினைவாற்றலுக்குப் பேர்போன அமெரிக்கர் கிம் பீக் பற்றி யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அவருக்கும் கார்பஸ் கலோசம் இல்லை, படித்த புத்தகம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். விஷயம் தெரிந்ததும் "உங்கள் பெண்ணுக்கு என்ன அபூர்வ சக்தி" என்று கேட்பவர்கள் உண்டு. அபூர்வ சக்தி எதுவும் இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டில் எட்டாவது இன்னும் தகராறுதான்.

நுண்ணோக்கி:

கொடிமல்லி அக்கா, அந்த நோட்டுக்கு ஒரு வணக்கம்.

வழிப்போக்கன் கேட்டதற்கு மேல்விவரம். 1968லேயே ஸ்பெர்ரியின் குழு, பிறவியிலேயே பாலம் இல்லாத ஒரு கல்லூரி மாணவியைச் சோதித்தது. வெட்டியவர்களிடம் தெரிந்த அந்தப் பிளவு அறிகுறிகள் அவரிடம் வரவில்லை. ஏனென்றால் மூளை வளரும்போதே பாலம் இல்லை என்றால், வளர்கிற இழைகள் வேறு சந்து தேடும். பெரிய பாலத்தைத் தவிர முன் இணைப்பு, பின் இணைப்பு என்று சிறு பாலங்களும் மூளையில் உண்டு. முன் இணைப்பு வழியாக இழைகள் கடப்பது கார்பஸ் கலோசத்துக்குக் கொஞ்சம் முன்பே தொடங்கிவிடுகிறது. 2014ல் பிரேசில் ஆய்வாளர்கள், பாலம் குறைபாடு உள்ளவர்களின் மூளையில் இந்தச் சிறு பாலங்கள் வழியாக, வழக்கமாக இல்லாத புதுக் கட்டுகள் ஓடுவதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அதற்கு முன் 2011ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில், பாலமே இல்லாதவர்கள் சும்மா படுத்திருக்கும்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் இயங்குவது தெரிந்தது. வளர்ந்த பிறகு வெட்டினால் மூளைக்கு அந்த அவகாசம் இல்லை.

கங்காருவுக்கும் பிளாட்டிபஸுக்கும் கார்பஸ் கலோசமே கிடையாது, தெரியுமா? நஞ்சுக்கொடியோடு குட்டி போடும் பாலூட்டிகளுக்கு மட்டும்தான் அது. கங்காருவும் பிளாட்டிபஸும் முன் இணைப்பை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்கின்றன. அங்கே இழைகள் கிளம்பும் இடம், போய்ச் சேரும் இடம் பற்றிய வரைபடம் நம்முடையதைப் போலவே இருப்பதாக 2018ல் குயின்ஸ்லாந்து குழு காட்டியது, ஊர் அதேதான், சாலை மட்டும் வேறு.

தூக்கங்கெட்டவன்:

எல்லோருக்கும் நன்றி, கொடிமல்லிக்குக் கூடுதலாக. எங்கள் கவலை எவ்வளவு சில்லறை என்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பாலம் 20 வாரத்திலேயே வந்துவிட்டது என்றால், பிறந்த பிறகு எதுவுமே நடக்கவில்லையா? அனுபவம், விளையாட்டு இதற்கெல்லாம் வேலையே இல்லையா? அப்படிச் சொன்னால் அண்ணி நம்ப மாட்டார்.

நுண்ணோக்கி:

நடக்கிறது, நிறைய. ஆனால் வீடியோக்காரர் சொல்வதற்கு நேர் எதிர்த் திசையில். பிறந்த பிறகு நடக்கும் பெரிய வேலை இழை போடுவது இல்லை, இழை பிடுங்குவது.

லமான்டியா, ராகிச் இருவரும் ரீசஸ் குரங்குகளின் கார்பஸ் கலோசத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இழைகளை எண்ணி 1990ல் வெளியிட்டார்கள். பிறந்த குட்டியில் சுமார் 18.8 கோடி. வளர்ந்த குரங்கில் சுமார் 5.6 கோடி. பிறந்த முதல் மூன்று வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 44 லட்சம் இழைகள் காணாமல் போகின்றன. நொடிக்கு 50. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் சில நூறு. அப்புறம் வேகம் குறைந்து நாலாவது மாதம் வாக்கில் வளர்ந்த குரங்கின் அளவுக்கு வந்து நிற்கிறது. எண்ணியது குரங்கில்தான், மனிதக் குழந்தையில் இல்லை, ஆனால் முதலில் தேவைக்கு மேல் விட்டுப் பிறகு கழிப்பது பூனை, எலி என்று பார்த்த இடமெல்லாம் தெரிகிற வழக்கம். 1977ல் ஜியார்ஜியோ இன்னோசென்டி பூனைக்குட்டிகளில் முதலில் காட்டியது இதைத்தான். பெரிய பூனையில் பார்வைப் பகுதியின் ஒரு குறுகிய பட்டையிலிருந்து மட்டும் இழைகள் அந்தப் பக்கம் போகும், குட்டியிலோ அந்தப் பகுதி முழுக்கப் பரவலாகப் போகின்றன.

செல்கள் செத்துப்போவதால் இது நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் செல் அப்படியே இருக்கும், அந்தப் பக்கம் நீட்டிய கையை மட்டும் இழுத்துக்கொண்டு இந்தப் பக்கத்து வேலையைப் பார்க்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் அனுபவத்துக்குப் பங்கு. பூனைக்குட்டிகளின் பார்வையைக் கெடுத்தால் மிஞ்சும் இழைகளின் அமைப்பு மாறிப்போகிறது. எலியில் கடந்து போன ஆக்ஸான் அந்தப் பக்கம் போனவுடன் புறணிக்குள், அதாவது மூளையின் மேலடுக்குக்குள், நுழைந்துவிடாது, அடியில் கொஞ்ச நாள் காத்திருக்கும். பிறகு மேலே ஏறி, பிறந்து இரண்டு வாரம் வாக்கில் மரம் மாதிரிக் கிளை விரிக்கும். அந்தச் செல்லின் மின் துடிப்பை மட்டும் அடக்கிவிட்டுப் பார்த்தால், இழை நடுக்கோட்டைச் சரியாகக் கடந்துவிடுகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் கிளைதான் ஒழுங்காக விரியவில்லை. அதாவது கடப்பதற்குப் பேச வேண்டியதில்லை, கடந்த இடத்தில் குடியேறத்தான் பேச வேண்டும்.

இன்னொரு வேலை மயலின் பூசுவது, கம்பிக்குக் காப்பு சுற்றுவது மாதிரி, சமிக்ஞை வேகமாகப் போகும். இந்தப் பாலத்தில் அது பிறந்த பிறகுதான் களைகட்டும், பின்முனையில் தொடங்கி முன்னால் வரும். எம்ஆர்ஐயில் பின்முனை மூன்று நாலு மாதத்திலும் முன்முனை ஆறு மாதம் வாக்கிலும் தெரிய ஆரம்பிக்கும். எட்டரை மாதத்தில் உங்கள் பையனுக்கு இரண்டு முனையிலும் காப்பு ஏறத் தொடங்கியிருக்கும், அவன் எந்த உறுப்பால் நகர்ந்தாலும். முழுக்க முதிர இருபது வயது தாண்டும்.

ஆக அனுபவம் வேண்டும்தான், ஆனால் அது பார்ப்பது, கேட்பது, பிடிப்பது, கடிப்பது, வீடெல்லாம் தேய்த்துச் சுற்றுவது என்று எந்தக் குழந்தையும் தானாகச் செய்கிற அனுபவம். குப்புறப் போட்டுக் காலை ஆட்டும் குறிப்பிட்ட அசைவுக்காக எந்த இழையும் காத்திருக்கவில்லை. ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துகிறான், ஒரு பக்கம் விறைப்பாக இருக்கிறது, உட்காரவே முடியவில்லை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கும் இந்த வீடியோவுக்கும் சம்பந்தம் இல்லை.

தூக்கங்கெட்டவன்:

இரண்டு கையும் நன்றாகத்தான் ஓடுகின்றன. இப்போது எதிரில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை வலது கையால் எடுத்தான், பார்த்தான், இடது கைக்கு மாற்றினான், அது வாய்க்குப் போயிற்று. ஆனால் வலது கை எதையாவது இறுக்கிப் பிடித்தால், சும்மா இருக்கிற இடது கையும் கூடவே மூடிக்கொள்கிறதே, அது?

நுண்ணோக்கி:

பிம்ப அசைவு. குழந்தைகளில் சகஜம், பத்து வயது வாக்கில் பெரும்பாலும் மறைந்துவிடும். பெரியவர்களான பிறகும் அது பலமாகத் தொடர்கிற சில குடும்பங்களில்தான், நான் மேலே சொன்ன டிசிசி ஏற்பிக்கான மரபணுவில் பழுது இருப்பதை 2010ல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் பழுதால் சில குடும்பங்களில் பாலமே வராமல் போகிறது என்பது 2017ல் வந்தது. எட்டரை மாதத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

தூக்கங்கெட்டவன்:

சரி, நினைக்கவில்லை. அண்ணியிடம் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

கொடிமல்லி:

ஒன்றும் சொல்லாதீர்கள். அடுத்த தடவை காலை ஆட்டச் சொன்னால் பையனை அவர் மடியில் வைத்துவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள்.